உங்கள் தரை, கீழ்வீட்டின் கூரை: மாடிக் கட்டடக் குழாய் வரைபடப் பாடம்

எஸ்.பி.எம். முடித்துவிட்டு பொலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படிக்கும் பிள்ளைகள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். "ஆட்டோகேட் தெரியும் அண்ணே. ஆனா பிளம்பிங் பிளான் போடச் சொன்னா எங்கேருந்து தொடங்குறதுன்னு தெரியல" என்று சென்ற கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். 15 ஆண்டுகளாக நான் செய்யும் வேலை அதுதான். அதனால் இந்த மாதப் பாடத்தை அவருக்காகவே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஓர் அடுக்குமாடிக்குக் குழாய் வரைபடம் போட்டேன். 7-ஆம் மாடி முதல் 18-ஆம் மாடி வரை எல்லா வீடும் ஒரே அமைப்பு. ஒரு மாடியை வரைந்து மற்றதற்கெல்லாம் காப்பி செய்தேன். 6-ஆம் மாடியில் மட்டும் வீட்டு அமைப்பு வேறு. நான் அதைக் கவனிக்கவில்லை. மேலே குளியலறை ஓரமாக வந்த கழிவுக் குழாயை அப்படியே நேராகக் கீழே இறக்கிவிட்டேன். அது இறங்கிய இடம் 6-ஆம் மாடி வீட்டின் சமையலறை, அதுவும் அடுப்புக்கு நேர் மேலே!

கட்டும்போது வேலையாட்கள் என்ன செய்வார்கள், பாவம்? சீலிங்குக்குள்ளேயே குழாயைச் சட்டென்று மடக்கி, சுவர் ஓரம் கொண்டுபோய், மறுபடியும் மடக்கிக் கீழே விட்டார்கள். திறந்து சுத்தம் செய்ய வழியே வைக்கவில்லை. குடும்பங்கள் வந்து இரண்டு வருடத்தில் அந்த மடிப்பில் அடைப்பு விழுந்து, இணைப்பு கசிந்து, கீழ்வீட்டு அக்காவின் சமையலறையில் சொட்டத் தொடங்கியது.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், மாடிக்கு மாடி கசிவு ஏற்பட்டால், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, குறை மேல்வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்கின்றன. அதனால் பழி மேல்வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. "நான் ஒன்னும் பண்ணலங்க" என்று அவர் சொல்ல, "அப்ப என் வீட்டுல சொட்டுறது என்ன?" என்று அக்கா கேட்க, இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்திக்கொண்டன. சீலிங்கைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, தவறு இரண்டு வீட்டிலும் இல்லை, என் கோட்டில் என்று.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை இதுதான்.

1. மூன்று மாடிகளை ஒன்றாகப் பாருங்கள்

காகிதம் தட்டை, தண்ணீரோ மேலிருந்து கீழே போகிறது. ஒரு மாடியை வரையும்போது அதற்கு மேல் மாடியையும் கீழ் மாடியையும் கட்டாயம் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலைஞரின் கடைசித் திருத்தம் எது என்று தேதி பார்த்து எடுங்கள். மூன்றையும் கிரிட் கோடு பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். ஒவ்வொரு செங்குத்துக் குழாயின் வட்டமும் எல்லா மாடியிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். கீழே என்ன அறை என்று பாருங்கள். சமையலறை, படுக்கையறை, மின்சார அறை என்றால் அங்கேயே நிறுத்தி, பொறியாளரிடம் கேளுங்கள்.

2. கழிவுக் குழாயை முதலில் வரையுங்கள்

புதியவர்கள் நல்ல தண்ணீர்க் குழாயில் தொடங்குவார்கள். அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், பின்னால் அழுத்தம் இருக்கிறது. கழிவுநீரைத் தள்ள ஆளில்லை, வாட்டம் ஒன்றுதான் அதற்குத் துணை. டாய்லெட்டிலிருந்து வரும் 100 மி.மீ. குழாய்க்கு நான் வழக்கமாக வைக்கும் வாட்டம் 40-க்கு 1. கணக்குப் போடுங்கள்: 4 மீட்டர் ஓடினால் 100 மி.மீ. இறங்க வேண்டும். குழாயின் உயரம் இன்னொரு 100 மி.மீ. நடுவில் ஒரு பீம் வந்தால் என்ன ஆகும்? குழாய் அதற்கும் கீழே போக வேண்டும், சீலிங் இன்னும் தாழும். ஆகவே டாய்லெட்டைச் செங்குத்துக் குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. பீம் வரைபடத்தையும் அடியில் வைத்தே வரையுங்கள்.

செங்குத்துக் குழாய் தரைமட்டத்தில் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி வளைவு போடாதீர்கள். இரண்டு 45 டிகிரி வளைவுகளாகப் போடுங்கள். திரும்பும் இடத்திலெல்லாம் சுத்தம் செய்யும் மூடியைக் குறியுங்கள். நான் அன்று குறிக்காமல் விட்டது அதைத்தான்.

3. காற்றுக்கும் வழி விடுங்கள்

பேசின், புளோர் டிராப் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வளைவு உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். உயரமான கட்டடத்தில் மேலிருந்து விழும் கழிவுநீர் காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். காற்றுக் குழாய் இல்லாவிட்டால் வளைவில் நிற்கும் தண்ணீரும் உறிஞ்சப்பட்டுவிடும். அடிப்பகுதியிலோ காற்று அழுந்தி, தண்ணீரை மேலே தள்ளும். அதனால்தான் கீழ்மட்ட வீடுகளின் கழிவைச் செங்குத்துக் குழாயில் சேர்க்காமல் தனியாக மேன்ஹோலுக்குக் கொண்டுபோகிறோம்.

"இதெல்லாம் சின்ன விஷயம்தானே அண்ணே" என்று நினைக்காதீர்கள். 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் மட்டும் 300-க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. ஆராய்ந்தவர்கள் சுட்டிய முக்கியமான காரணங்களில் ஒன்று, குளியலறைகளில் வறண்டுபோன புளோர் டிராப். காற்றாடியைப் போட்டதும் கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் இழுக்கப்பட்டது என்றார்கள். ஆகவே பேசின் தண்ணீர் புளோர் டிராப் வழியாகப் போகும்படி வரையுங்கள். அது வறளாது.

4. இப்போது நல்ல தண்ணீர்

பெரும்பாலான உயரமான கட்டடங்களில் தண்ணீர் கீழே ஒரு தொட்டியில் சேர்ந்து, பம்பு மூலம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். ஒரு மாடி 3 மீட்டர் என்றால் 20 மாடிக்கு 60 மீட்டர், அடிமாடியில் 6 பார்! வீட்டுக் குழாய்க்கு இது மிக அதிகம், இணைப்புகள் சீக்கிரம் கெடும். அதனால் கட்டடத்தை உயரவாரியாகப் பிரித்து, நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைப்போம். மேல்மாடியில் நேர்மாறு. தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருப்பவருக்கு 0.3 பார்தான் கிடைக்கும், ஷவரில் நூல் மாதிரி வரும். அந்த மாடிகளுக்குத் தனிப் பம்பு தேவை. இவற்றை மாடி வரைபடத்தில் முழுதாகக் காட்ட முடியாது. ஆகவே முழுக் கட்டடத்தையும் நிமிர்த்திக் காட்டும் ஒற்றைக்கோட்டுப் படம் ஒன்றையும் சேர்த்தே வரையுங்கள்.

5. படிக்கிறவருக்குப் புரிய வேண்டும்

மாடி முழுவதற்கும் 1:100, குளியலறைக்குத் தனியாக 1:50 அல்லது 1:20. ஒவ்வொரு குழாயிலும் அளவு, வாட்டம், ஓடும் திசைக்கு அம்புக்குறி. நல்ல தண்ணீர், கழிவு, காற்று மூன்றுக்கும் தனித்தனி லேயர், தனித்தனிக் கோட்டு வகை. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சைட்டில் கறுப்பு வெள்ளைக் காப்பிதான் கையில் இருக்கும். கையெழுத்துப் போடுவது பதிவு பெற்ற பொறியாளர் என்றாலும் கோடு நம்முடையது. "அவர் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடாதீர்கள்.

பயிற்சி

இந்த வாரம் உங்கள் வீட்டுக் குளியலறையை அளந்து 1:50-இல் வரையுங்கள். புளோர் டிராப் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, செங்குத்துக் குழாய் எங்கே என்று குறியுங்கள். மாடிவீட்டில் இருப்பவர்கள் கீழ்வீட்டில் அனுமதி கேட்டு, உங்கள் குழாய் அவர்கள் தலைக்கு மேல் எங்கே போகிறது என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரைபடத்தைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து திருத்துவோம்.

அந்த அக்கா வீட்டுக்கு நானும் பொறியாளரோடு போயிருந்தேன். மேல்வீட்டுக்காரரும் வந்திருந்தார். "தப்பு என்னுதுதான்க்கா" என்றேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, மேல்வீட்டுக்காரரைப் பார்த்து, "உட்காருங்க, டீ போடுறேன்" என்றார். அடுப்புக்கு மேலே அப்போதும் ஒரு வாளி தொங்கிக்கொண்டிருந்தது. இன்றும் செங்குத்துக் குழாய்க்கு வட்டம் போடும்போதெல்லாம் அந்த வாளி நினைவுக்கு வருகிறது. உடனே கீழ்மாடி வரைபடத்தைத் திறந்து பார்த்துவிடுவேன்.