இரு செவியும் ஐந்து ஸ்பீக்கரும்



நம் கண்கள் முன்னால் இருப்பதை மட்டுமே காணும். செவிகளோ முதுகுக்குப் பின்னால் நடப்பதையும் அறியும். தெருவில் பின்னால் வரும் மிதிவண்டியின் மணியோசையைக் கேட்டு, திரும்பிப் பாராமலே நாம் ஒதுங்கி நிற்கிறோம் அல்லவா? செவியின் இந்த ஆற்றலுக்கு வீட்டுக் கூடத்திலேயே விருந்தளிப்பதுதான் ஹோம் தியேட்டர். பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வந்த பல இல்லங்களில் அடுத்து எழும் கேள்வி, “எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?” என்பதே. கடையில் வாட் கணக்கைச் சொல்வார்கள். நாமும் பெட்டிகளை எண்ணிப் பார்ப்போம். ஆயினும் இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவை நம் செவியும் நம் அறையுமே ஆகும். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வீணாகாமலிருக்க, இதனைச் சற்று ஆராய்வோம்.

செவி திசையறியும் விதம்

நம் இரு செவிகளுக்கும் இடையே ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. வலப்புறத்தில் எழும் ஒலி வலச் செவியை முதலில் அடைகிறது. இடச் செவியை அடைய, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரம் பிந்துகிறது. நடுவில் தலை இருப்பதால் அந்த ஒலி சற்று மங்கியும் விடுகிறது. இச்சிறு வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. ஆனால் வினாடிக்கு 80 அதிர்வுகளுக்குக் குறைந்த ஆழ்ந்த ஒலியின் அலை 4 மீட்டருக்கும் நீளமானது. தலை அதனைத் தடுப்பதில்லை. எனவே அது எங்கிருந்து வருகிறது என்று நம்மால் எளிதில் கூற இயலாது.

வளர்ந்த வரலாறு

இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர் ஆலன் பிளம்லைன், ஒலியை இரு வழிகளில் பதிவு செய்யும் முறைக்கு 1931ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். 1940இல் வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’ திரைப்படம் பார்வையாளரைச் சுற்றி ஒலி எழும்படி நியூயார்க்கில் காட்டப்பட்டது. 1992இல் வெளிவந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் டால்பி டிஜிட்டல் என்னும் 5.1 முறை திரையரங்குக்கு வந்தது. முன்னால் இடம், நடு, வலம் என மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்னே சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டு, ஆக ஐந்து. ஆழ்ந்த ஒலியை மட்டும் தரும் சப்-ஊஃபரையே ‘.1’ என்று குறிக்கின்றனர்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவதாக, ஒவ்வொரு ஸ்பீக்கரின் வேலையையும் அறிதல் வேண்டும். படத்தில் பேசப்படும் உரையாடலில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. மழையின் ஓசை, கூட்டத்தின் ஆரவாரம், தலைக்கு மேல் பறக்கும் விமானம் போன்றவையே சரவுண்ட் ஸ்பீக்கர்களின் பங்கு. எனவே பணத்தின் பெரும்பகுதியை முன் மூன்றுக்கே ஒதுக்க வேண்டும். பின்னால் இடி இடித்தும், படத்தில் யார் என்ன பேசினார்கள் என்று பாட்டிக்குப் புரியவில்லையென்றால் அந்தச் செலவால் என்ன பயன்?

இரண்டாவதாக, சரவுண்ட் ஸ்பீக்கர் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆழ்ந்த ஒலியைச் சப்-ஊஃபர் ஏற்றுக்கொள்வதால், நடுத்தர அறைக்குச் சிறிய பெட்டிகளே போதும். ஆனால் அவை முன் ஸ்பீக்கர்களின் அதே நிறுவனத்தின் அதே வரிசையைச் சேர்ந்தவையாக இருத்தல் நலம். இல்லையேல் முன்னிருந்து பின்னே ஓடும் கார், பாதி வழியில் வேறு காராக மாறியது போல் ஒலிக்கும்.

மூன்றாவதாக, வாட் எண்ணைக் கண்டு மயங்கலாகாது. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒலி இருமடங்காகக் கேட்பதில்லை. ஒரு வாட்டில் 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கரைவிட 90 டெசிபெல் தருவது, பாதி மின்திறனிலேயே அதே அளவு ஒலிக்கும். எத்தனை ஓம் ஸ்பீக்கரை ரிசீவர் தாங்கும் என்பதையும் அதன் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, வாங்கும் முன் அறையை அளந்து பார்க்க வேண்டும். தொலைக்காட்சியை நேராக நோக்கி அமர்ந்தால், அந்த நேர்கோட்டிலிருந்து இருபுறமும் 110 பாகை அளவில், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னே, சரவுண்ட் ஸ்பீக்கர்கள் அமைய வேண்டும். செவி மட்டத்திலோ சற்று உயரத்திலோ வைக்கலாம். சோபா பின்சுவரை ஒட்டியிருந்தால் பக்கச் சுவர்களில், தலைக்கு மேல் ஓரடி இரண்டடி உயரத்தில் மாட்டுவது பொருந்தும். கம்பியில்லா வகை என்றாலும் பெரும்பாலானவற்றுக்கு மின் இணைப்பு தேவை. அருகில் பிளக் உண்டா என்று பாருங்கள்.

வாங்கிய பின்னர்

சிவப்பு முனையைச் சிவப்புடனும் கறுப்பைக் கறுப்புடனும் இணைக்க வேண்டும். மாறினால் ஆழ்ந்த ஒலி மெலிந்துவிடும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க வினாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் எடுக்கிறது. எனவே நாம் அமரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம் என்பதை ரிசீவரில் பதிவு செய்தால், அருகிலிருப்பதன் ஒலியை அது சற்றுத் தாமதித்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்ப்பிக்கும். வெறும் சுவரும் மொசைக் தரையும் ஒலியை எதிரொலிக்கும். சன்னல் திரைச்சீலையும் தரைவிரிப்பும் புத்தகங்கள் நிறைந்த அலமாரியும் அதனைக் குறைக்கும்.

இறுதியாக ஒன்று. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரமே செவி தாங்கும். 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகும் என்பது நிபுணர் வகுத்த எல்லை. மிகுந்த ஓசையால் இழந்த கேட்கும் திறன் மீள்வதில்லை. ஸ்பீக்கர் பழுதானால் வேறொன்று வாங்கலாம். செவியை வாங்க இயலாது. ஆகவே தோழியரே, அடுத்த வீட்டாரும் உறங்க, பாட்டியும் கேட்டு மகிழ, அளவறிந்து வாங்கி அளவோடு கேட்டுப் பயன்பெறுவோமாக!