வேடந்தாங்கலின் மரத்தீவுகள்

தீவு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், தென்னஞ்சோலையும் வெண்மணற் கரையும் நீலக்கடலும் நம் உள்ளத்தே தோன்றுதல் இயல்பு. பொருள் படைத்தோர் தமக்கென ஒரு படகும் தமக்கென ஒரு வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு, வெப்ப மண்டலத் தீவொன்றை அரை நாளிற் சுற்றிப் பார்த்து மீளுதல் இக்காலத்து வழக்கமாய் விட்டது. நம் செங்கற்பட்டு நாட்டில் அத்தகைய தீவு எங்கே உளது என்று வினவும் மாணவர்க்கு, மதுராந்தகம் வட்டத்து வேடந்தாங்கலைக் காட்டுவேன். அங்குள்ள தீவுகள் மரங்களால் ஆயவை. மழைக்காலத்தில் ஏரி நிறையுங்கால், அதனுள்ளே நிற்கும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் அடிமரம் நீரில் அமிழ, கவிந்த தலைகள் மட்டும் மேலே தோன்றித் திட்டுத் திட்டாய் விளங்கும். அத்திட்டுக்களே ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகளுக்குப் பிறப்பகம்.

தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும் வடதமிழ்நாட்டுச் சொல். வேடர்க்குரிய தாங்கல் என்று பொருள்படும் ஊர், பறவைகளுக்கு அடைக்கலமாய் நிற்பது ஒரு விநோதமே. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 74 ஏக்கர்; அஃதாவது 30 ஹெக்டேர். மதுராந்தகத்துப் பேரேரியைக் கண்டவர் இதனைக் குட்டை என்றே சொல்வர். ஆயினும் பெரிய ஏரிகள் பலவற்றில் இல்லாத சிறப்பு இச்சிற்றேரிக்கு வாய்த்ததன் காரணம் யாது என்பதே, அங்குச் செல்லும் மாணவன் தன் மனத்தில் ஏந்திச் செல்ல வேண்டிய வினா.

செல்லும் முறையைப் பற்றிச் சிறிது கூறுவேன். கார்த்திகை முதல் மாசி வரை உள்ள மாதங்களே தக்கவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரியில் நீர் நின்று, கூடுகளில் முட்டையும் குஞ்சும் உள்ள காலம் அதுவே. ஐவர் அல்லது அறுவருக்கு மேற்படாத சிறு குழுவாய்ச் செல்லுதல் நன்று. வழிகாட்டுவோர் தாழ்ந்த குரலிற் கூறுவது அனைவர்க்கும் கேட்க வேண்டுமன்றோ? வழிகாட்டியும், இயலுமேல், அவ்வூரிற் பிறந்து அவ்வேரி நீரிற் பயிர் செய்த பெரியவராய் இருத்தல் வேண்டும். பறவைகளின் இலத்தீன் பெயரை அவர் அறியாதிருக்கலாம். எந்த ஆண்டில் எந்த மதகு வரை நீர் ஏறிற்று, எந்த மரத்தை நாரைகள் கைவிட்டன என்பன அவர்க்கன்றிப் பிறர்க்குத் தெரியா. படகிலேறித் திட்டுக்களை அணுகலாம் என்று எண்ணிச் செல்வோர் ஏமாற்றமடைவர். நாம் நிற்கும் இடம் ஏரிக்கரை, அதன் மேலுள்ள நோக்குக் கோபுரம் ஒன்று, இவ்வளவே. ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி கையில் இருப்பின் குறையொன்றும் இல்லை.

படகு செல்லாமையிலேயே பாடம் தொடங்குகின்றது. பறவைகள் இம்மரங்களை நாடி வருவது, இவற்றை நீர் சூழ்ந்திருத்தலால். கீரி, காட்டுப் பூனை, குள்ளநரி முதலியன நீரைக் கடந்து வந்து கூட்டைச் சூறையாடுதல் அரிது. மனிதன் வருதலும் அரிது. காகமும் பருந்தும் வான்வழியே வந்து முட்டையையும் குஞ்சையும் கவர்ந்து செல்வதுண்டு. அதற்கு அகழி காப்பாகாது. மழை பொய்த்து, மரத்தடியில் நிலம் தோன்றிவிடுமாயின், பறவைகள் அவ்வாண்டு கூடு கட்டாது ஒழியும். கட்டியிருந்தால் விட்டுப் போதலும் உண்டு. மரம் அதே மரந்தான். தீவுத்தன்மை போயிற்று, அவ்வளவே. கடற்றீவுகளிலும் இந்நியதியே செல்லும். மொரீசுத் தீவில் வாழ்ந்த டோடோ என்னும் பறக்கமாட்டாப் பறவை, தரை விலங்கின் அச்சமின்றி நெடுங்காலம் வாழ்ந்தது. 1598-ல் ஒல்லாந்தர் அங்கு இறங்கினர். கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் முட்டைகளைத் தின்ன, பதினேழாம் நூற்றாண்டு முடியுமுன்னே அவ்வினம் உலகினின்று மறைந்தது.

இனி மரங்களை நோக்குக. முதற்கண் வெள்ளையும் கருமையுமாய் ஒரே இரைச்சலாய்த் தோன்றுவது, சிறிது பொறுத்திருந்து பார்க்க, பல சாதியினர் அண்டை அயலாய்க் குடியிருக்கும் தெருவாய்ப் பிரிந்து தோன்றும். மிகுதியாய்க் காணப்படுவது நத்தைகுத்தி நாரை. இதன் அலகை மூடிய நிலையிற் கண்ணாடியால் உற்று நோக்கின், மேலலகும் கீழலகும் நடுவே பொருந்தாது, ஒரு சிறு சந்து வெளிச்சம் காட்டும். உடைந்த பாக்குவெட்டி போலும் என்று நகைப்பார் உளர். நத்தையை ஓட்டினின்று பிரித்தெடுத்து உண்ணுதற்கு அமைந்த கருவி அது. குஞ்சுக்கு இச்சந்து இல்லை. வளர வளரவே தோன்றும். நண்பகல் வெயிலிற் சென்றால், தாய் நாரை கூட்டின்மேற் சிறகை விரித்து நின்று, குஞ்சுகளுக்கு நிழல் செய்வதையும் காணலாம்.

மஞ்சள் மூக்கு நாரை இரையைக் கண்ணாற் பார்த்துப் பிடிப்பதினும் அலகாற் தடவிப் பிடிப்பதே பெரும்பான்மை. கலங்கல் நீரில் வாயைச் சிறிது திறந்தவாறே ஆழ்த்தி நடக்கும். மீன் பட்டவுடன் வாய் மூடும். துடுப்பு வாயன் தன் தட்டையான அலகை, அரிவாள் வீசுவார் போல, நீரில் இடமும் வலமும் வீசிச் செல்லும். பாம்புத்தாரா உடல் முழுதும் நீருள் மறைய, நீண்ட கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதாகலின் அப்பெயர் பெற்றது. அது மீனைக் கவ்வுவதில்லை, குத்துகின்றது. நீர்க்காகமும் அதுவும் மூழ்கி எழுந்தபின் சிறகை விரித்து வெயிலில் உலர்த்தும். இவற்றின் இறகு வாத்தின் இறகைப் போல் நீரை ஒட்டாது தள்ளுவதன்று. கூழைக்கடாவின் தாடைப்பை மீன் சேமிக்கும் பை என்று பலர் கருதுவர். அது மீனை நீரோடு அள்ளும் வலை. நீரை வடித்துவிட்டு மீனை உடனே விழுங்கிவிடும். வெண்கொக்கு, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், வக்கா என இன்னும் பல உள. ஒரே மரத்தில் இத்தனை இனங்களும் பெரும்பூசலின்றி வாழ்வதற்கு, ஒன்றன் இரை ஒன்றற்கு முழுதும் ஆகாமையும், ஒன்றன் வேட்டைமுறை ஒன்றற்கு வாராமையுமே காரணம் என்க.

இங்கே பெரும்பாலோர் கூறும் செய்தி ஒன்றைத் திருத்த வேண்டும். தொலைதேசங்களிலிருந்து வரும் பறவைகள் வேடந்தாங்கலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துச் செல்கின்றன என்று, வழிகாட்டுவோர் சிலரும் பாடப்புத்தகம் படித்தோர் பலரும் கூறுவர். மரத்தில் கூடு கட்டுவன எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. மழைக்கும் இரைக்கும் ஏற்ப நாட்டினுள்ளே இடம் பெயர்வன. வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சி வருவன ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்தினங்களும் உள்ளான்களும். இவை நீரிலும் சேற்றிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, முட்டையிடத் தம் வடபுலத்துக்கே திரும்பும். விருந்தினன் வேறு, குடித்தனக்காரன் வேறு. ஏரியின் மானத்தைக் காக்க அயல்நாட்டுப் பெயர்களை அடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கண்டபின் வந்தோர் அனைவரும் திரும்பி வண்டியேறுவதே வழக்கம். நம் மாணவர் அவ்வாறு செய்யலாகாது. கரைமேல் நின்றவாறே முகத்தைத் திருப்பி, ஏரிக்கு முதுகு காட்டி, மறுபக்கத்தை நோக்குக. அங்கே நெல்வயல்கள். காண்பதற்கு அங்கு என்ன இருக்கிறது என்று கேட்பீராயின், இவ்விடத்து இரகசியம் முழுதும் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

பறவைகள் சுற்றுப்புறத்து வயல்களிலும் குளங்களிலும் மேய்ந்து உண்டவற்றின் கழிவு, நாள்தோறும் இம்மரங்களின் கீழே நீரில் விழுகின்றது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. இவை கரைந்து ஏரிநீர் பசுமை ஓடி நிற்கும். அந்நீரே மதகு வழியாய் வயலுக்குப் பாயும். விலையின்றி வரும் எருவை விரட்டும் உழவன் யார்? பறவை எச்சத்தின் அருமையை உலகு முழுதும் அறிந்த காலம் ஒன்று இருந்தது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கரையையடுத்துச் சிஞ்சா என்னும் தீவுகள் உள. நில நடுக்கோட்டுக்கு வடக்கே நாம் எவ்வளவு தொலைவோ, ஏறக்குறைய அவ்வளவே அவை தெற்கில் உள்ளன. அங்கும் நீர்க்காகமும் கூழைக்கடாவுமே எச்சமிட்டன. மழையே காணாத கரையாதலின் அது கரையாது காய்ந்து, பல ஆள் உயரத்துக்குக் குன்றாய்க் குவிந்தது. குவானோ எனப்பட்ட அவ்வெருவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஐரோப்பியக் கழனிகளுக்குக் கப்பல் கப்பலாய் ஏற்றினர். வெட்டியெடுத்தவர்களிற் பலர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்ட சீனர். அவர் பட்ட துயர் கொடிது. 1864-ல் ஸ்பெயின் தேசத்தார் போர்க்கப்பல் அனுப்பி அத்தீவுகளைக் கைப்பற்றும் அளவுக்கு அதன் மதிப்பு உயர்ந்திருந்தது. சில பத்தாண்டுகளில் குன்று கரைந்து தீர்ந்தது. நம் ஏரியிலோ குவியவும் இல்லை, தீரவும் இல்லை. வந்ததை நீர் அன்றன்றே வயலுக்குக் கொடுத்துவிடுகின்றது. எச்சம் அளவிற்கு மிஞ்சி விழுந்த மரங்கள் பட்டுப்போதலும் உண்டு. அதன்பொருட்டு வனத்துறையார் ஏரிக்குள் புதுக்கன்றுகள் வைத்து வளர்த்துள்ளனர்.

இந்நன்மையை உணர்ந்த ஊரார் பறவைகளுக்காக அரசிடம் வழக்காடிய செய்தி நம் நாட்டுச் சரித்திரத்திற் போற்றத்தக்கது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர் என்றும், அதன்மேல் 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் துரை ஒருவரும் இங்கே பறவைகளைக் கொல்லலாகாது என்று ஆணைப்பத்திரம் அளித்தார் என்றும் கூறுவர். மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கதையில் வரும் துரையும் இவரே. ஏரியைத் தெய்வம் காத்த கதையை நாடெல்லாம் அறியும்; ஏரிப்பறவையை உழவர் காத்த கதையை அறிந்தவர் சிலரே. 1858-ல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-ல் அரசாங்கம் இவ்விடத்தைப் பறவைச் சரணாலயமாக ஏற்றது. 2022-ல், ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971-ல் செய்யப்பட்ட ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் இடம்பெற்றன. கலெக்டரின் ஆணைக்கும் உடன்படிக்கைக்கும் இடையே இருநூற்றிருபத்துநான்கு ஆண்டுகள். அத்தனை காலமும் காவலுக்கு நின்றவர் பெரும்பாலும் ஊராரே.

எனினும் உழவர் காத்தது மரத்தை மட்டுமன்று என்பதை மறத்தலாகாது. மரம் தொட்டில், உணவறை வேறிடத்தில். எழுபத்துநான்கு ஏக்கர் ஏரியிலுள்ள மீன், அத்தனை ஆயிரம் வாய்களுக்குப் போதுவதன்று. நத்தை நெல்வயலிலும், மீன் அயலூர் ஏரிகளிலும், தவளை வாய்க்காலிலும் கிடைக்கின்றன. 1998-ல் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது, ஏரியோடு அதனைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டமும் சேர்க்கப்பட்டமை இதனாற் பொருளுடையது. 2020-ல் அவ்வட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை எழுந்தபோது, ஏரிதான் அப்படியே இருக்கின்றதே, வெளிவட்டம் எதற்கு என்று கேட்டவரும் உண்டு. அதனை எதிர்த்துக் குரல் எழுப்பியவரும் பலர். தொட்டிலை வைத்துக்கொண்டு சோற்றுப்பானையை எடுத்துவிடலாமா என்பதே அங்கு எழுந்த வினா. வெளிவட்டத்து ஏரியொன்று தூர்ந்தாலும், வாய்க்காலில் நச்சுக்கழிவு கலந்தாலும், அன்றைக்கே மரத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு பருவங்கள் கழித்துக் கூடுகள் குறையும். அப்பொழுது வந்து நோக்குக் கோபுரத்தில் நின்று காரணம் தேடுவார்க்கு, காரணம் முதுகுக்குப் பின்னே கிடக்கும்.

ஆதலின் இச்சுற்றுலாவைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, இருட்டும் வரை நீட்டிக்க வேண்டுகிறேன். ஐந்து மணி முதல் மேய்ச்சற் பறவைகள் திரும்பும். ஒவ்வொரு மாணவனும் ஒரு திசையை ஏற்றுக்கொண்டு, அத்திசையினின்று எவ்வினம் எத்தனை வந்தன என்று கால்மணிக்கொரு முறை குறிப்பேட்டிற் பதிய வேண்டும். தாலுகா வரைபடம் ஒன்றை முன்னரே எடுத்துச் சென்று, பெருங்கூட்டம் வந்த திசையில் எந்த ஏரி, எந்த வயல்வெளி உள்ளது என்று வழிகாட்டும் பெரியவரைக் கேட்டு, அவ்விடத்திற் புள்ளியிடுக. கூழைக்கடாக்கள் மிக உயரத்தே வட்டமிட்டு இறங்குவனவாதலின் அவற்றின் திசையை முன்கூட்டியே கவனித்தல் வேண்டும். இன்னொன்று. எல்லாப் பறவைகளும் வந்தடங்கிய பின்னர்க் கணக்கு முடிந்ததென்று ஏட்டை மூடிவிடாதீர்கள். பகலெல்லாம் இலைமறைவில் உறங்கிய வக்காக்கள், அவ்வேளையிற்றான் ஒற்றைக் கரகரத்த குரலெழுப்பி மரத்தை விட்டு வெளிக்கிளம்பும். அவை செல்லும் திசையையும் இருள் மூடுமுன் குறித்துக்கொள்ளல் வேண்டும்.