நகல் மெயிலை அழிக்கும் முன்

மேனேஜர் உங்களுக்கும் டீமின் குழு முகவரிக்கும் சேர்த்தே ஒரு மெயில் போடுகிறார். சர்வரில் அது இரண்டு கோப்பாக வந்து விழுகிறது. நாட்மச் என்ற மெயில் தேடல் மென்பொருளை வைத்துத் தேடினால் ஒன்றுதான் தெரியும். பதற வேண்டாம், எதுவும் தொலையவில்லை.

2009-ல் கார்ல் வொர்த் தொடங்கிய இந்த மென்பொருள், கோப்புகளை எண்ணுவதில்லை, மெசேஜ்-ஐடியைத்தான் பார்க்கிறது. மெயில் கிளம்பும்போதே அதன் தலைப்பகுதியில் ஒட்டப்படும் அடையாளம் அது. குழு சர்வர் சப்ஜெக்டில் டீம் பெயரைச் சேர்க்கலாம், அடியில் நாலு வரி ஒட்டலாம். ஐடியை வழக்கமாகத் தொடாது. ஆகவே இரண்டு கோப்பும் ஒரே பதிவின் கீழ் போய் உட்கார்ந்துவிடும். மெயிலுக்கு நாம் இடும் குறிச்சொல்லான டேக் அந்தப் பதிவுக்குச் சொந்தம். ஒரு நகலைப் பார்த்து ‘முடிந்தது’ என்று போட்டால் மற்றதற்கும் அதே டேக்தான்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். புது மெயிலுக்கு விழும் ‘நியூ’ டேக்கை நம்பி, குழு மெயிலைப் பிரிக்க விதி எழுதுகிறார்கள். நேரடி நகல் காலையில் வந்து பதிவாகிவிட்டது. குழு நகல் பத்து நிமிடம் கழித்து வருகிறது. ஐடி ஏற்கெனவே இருப்பதால் அதற்கு ‘நியூ’ விழாது, விதியும் ஓடாது. எது முதலில் வந்தது என்பதே டேக்கைத் தீர்மானிக்கிறது. எனவே குழு மெயில் விதியை மட்டும் ‘நியூ’வோடு கட்டாதீர்கள், குழு முகவரியை வைத்தே தேடி டேக் போடுங்கள்.

அழிப்பது இதைவிட ஆபத்து. ‘டெலீட்டட்’ டேக் உள்ள கோப்புகளையெல்லாம் பட்டியலிட்டு அழிக்கும் ஸ்கிரிப்ட், எல்லா நகலையும் சேர்த்தே துடைத்துவிடும். நாட்மச்சில் கோப்புகளைப் பட்டியலிடும்போது ‘டூப்ளிகேட்’ ஆப்ஷனுக்கு 2 என்று கொடுத்தால், ஒவ்வொரு மெயிலின் இரண்டாவது கோப்பு மட்டும் வரும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வழக்குகளுக்காக மெயில் அலசும் நிறுவனங்களில் சேரப் போகிறவர்களுக்கு ஒரு சேதி: அங்கே பெரும்பாலும் அனுப்பியவர், தேதி, உள்ளடக்கம், இணைப்பு எல்லாம் சேர்த்து ஹேஷ் (அவற்றிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீடு) எடுத்து ஒப்பிடுவார்கள். குழு ஒட்டிய அந்த நாலு வரியே ஹேஷை மாற்றிவிடும். அதே மெயில் அங்கே இரண்டாக நிற்கும். நகல்கள் எவ்வளவு குவியும் என்பதற்கு ஓர் உதாரணம்: என்ரான் நிறுவனத்தின் மெயில் தொகுப்பில் நகல் நிறைந்த தானியங்கி ஃபோல்டர்களை ஆய்வாளர்கள் ஒதுக்கிச் சுத்தம் செய்தபோது, 6,19,446 மெயில்கள் 2,00,399 ஆகச் சுருங்கின. இன்டர்வியூவில் நகல் நீக்கம் பற்றிக் கேட்டால், ‘ஐடியை வைத்தா, ஹேஷை வைத்தா?’ என்று முதலில் நீங்கள் கேளுங்கள்.