இகுவானாவுக்கு ஏன் வெயில் வேண்டும்?

2020-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி வானிலை அலுவலகம் விந்தையான எச்சரிக்கை ஒன்றை விடுத்தது. அன்றிரவு குளிர் மிகுதியாக இருக்கும். மரங்களிலிருந்து இகுவானாக்கள் விழுந்தால் வியப்படைய வேண்டாம் என்பதே அச்செய்தி!

பச்சை இகுவானா என்பது நம் ஓணானைப் போலத் தோற்றமளிக்கும் பெரிய பல்லி இனம். வால் நுனிவரை அளந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. மெக்சிகோ முதல் பிரேசில் வரையுள்ள வெப்பக் காடுகளே இதன் தாயகம். ஃபுளோரிடாவுக்கு இது மனிதரால் வந்து சேர்ந்தது. செல்லப் பிராணியாக வாங்கப்பட்டுத் தப்பியோடியவையும் கைவிடப்பட்டவையும் அங்கே பல்கிப் பெருகின.

குளிரில் இவை ஏன் விழுகின்றன? நம் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வன பெரும்பாலும் வெளியிலிருந்தே வெப்பத்தைப் பெறுகின்றன. வெப்பநிலை சுமார் 7° செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இகுவானாவின் தசைகள் செயலற்றுப் போகின்றன. கிளையைப் பற்றிய பிடி நழுவுகிறது. விழுந்தவற்றுள் பல மறுநாள் வெயில் பட்டதும் எழுந்து நடக்கும். வெயில்தான் இதன் உயிர்நாடி என்பது இப்போது புரிகிறதல்லவா?

வெப்பம் செய்யும் வேலை

இகுவானா இலைகளை உண்டு வாழ்கிறது. இலையிலுள்ள நார்ப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. அவை நன்கு வேலை செய்ய உடல் வெப்பநிலை ஏறத்தாழ 35° அளவில் இருக்கவேண்டும். உடல் குளிர்ந்திருந்தால், வயிறு நிறைய இலை இருந்தும் சத்து கிடைக்காது. ஆகவேதான் இகுவானா காலையில் முதலில் வெயில் காய்கிறது. பிறகே இரை தேடுகிறது.

கண்ணாடி தடுக்கும் கதிர்

"அப்படியானால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சன்னலோரம் வெயில் காட்டினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் உள்ளன. அவற்றுள் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள பகுதி இகுவானாவின் தோலில் பட்டு, அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை மாற்றுகிறது. உடலின் வெப்பத்தால் அது மெல்ல மெல்ல வைட்டமின் டி ஆகிறது. பின்னர் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மேலும் இருமுறை மாற்றமடைந்து, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள உதவுகிறது. சாதாரணச் சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் இந்தக் கதிர்களைத் தடுத்துவிடும். அதுமட்டுமன்று, வெயிலில் வைத்த கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகி, உள்ளிருக்கும் பிராணியைக் கொன்றும் விடலாம்.

கால்சியம் கிடைக்காவிட்டால் என்ன நேரும்? இரத்தத்தில் அதன் அளவு குறையக் கூடாது. எனவே உடல் தன் எலும்புகளிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுக்கிறது. தாடை ரப்பரைப்போல் மென்மையாகிறது; கால்கள் வீங்கி வளைகின்றன; விரல்கள் நடுங்குகின்றன. கால்கள் பருத்திருப்பதைக் கண்டு, "நன்றாகக் கொழுத்திருக்கிறது" என்று ஏமாந்தவர் பலர். இந்நோயின் அறிகுறி தென்பட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்; வளைந்த எலும்பு முழுதும் நேராவது அரிது.

எந்த இலை?

உணவில் பாஸ்பரஸைப்போல் இருமடங்கு கால்சியமாவது இருப்பது நல்லது. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 5 மி.கி. கால்சியமும் 22 மி.கி. பாஸ்பரஸும் உள்ளன. அமெரிக்கர் உண்ணும் காலர்ட் கீரையில் சுமார் 230 மி.கி. கால்சியமும் 25 மி.கி. பாஸ்பரஸும் உள்ளன. இவ்விரண்டின் விகிதங்களையும் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். எதை நாள்தோறும் தரலாம், எதைச் சிறிதளவே தரலாம் என்பது விளங்கிவிடும். பசலை போன்ற சில கீரைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அவற்றையே நம்பியிருக்கக் கூடாது. இறைச்சியும் முட்டையும் இதன் சிறுநீரகத்துக்குத் தீங்கு விளைவிக்கும்.

திறந்தவெளிக் கூண்டு

முழு வளர்ச்சி பெற்ற ஓர் இகுவானாவுக்கு, நீளமும் அகலமும் 2 மீட்டருக்கும், உயரம் இரண்டரை மீட்டருக்கும் குறையாத கூண்டு வேண்டும். இது மரமேறிப் பிராணி. ஆகவே உயரம் முக்கியம். உடல் பருமனுள்ள கிளைகளைச் சாய்வாகப் பொருத்த வேண்டும். மூக்கு உராய்ந்து புண்ணாகாதபடி பிளாஸ்டிக் பூசிய கம்பிவலையே ஏற்றது. கூரையில் பாதியை மூடி நிழல் தரவேண்டும்; வெயிலிலிருந்து விலக வழியில்லாவிட்டால் உடல் அளவுக்கு மீறிச் சூடேறிவிடும். குளிர் இரவுகளுக்குச் சூடேற்றிய மரப்பெட்டியும், எந்நேரமும் தண்ணீர்த் தொட்டியும் தேவை. பெண் இகுவானா ஆண் துணையின்றியும் முட்டையிடும். தோண்டுவதற்கு ஆழமான ஈரமணல் இல்லையெனில் முட்டைகள் உடலிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

வலையை மண்ணுக்குள்ளும் இறக்கிப் பதித்து, இரட்டைக் கதவு வைப்பது அவசியம். தப்பிய இகுவானா தாவரங்களை மேய்கிறது; கால்வாய்க் கரைகளில் வளை தோண்டி அவற்றைச் சரியச் செய்கிறது. இதனால்தான் ஃபுளோரிடா அரசு 2021-இல் பச்சை இகுவானாவைத் தடைசெய்யப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இப்பிராணியைத் தொட்டபின் சோப்பினால் கை கழுவ மறக்கக் கூடாது. சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி அதன் உடலில் இருக்கக்கூடும்.

நீங்கள் செய்யக்கூடியது

இதைப் படித்ததும் ஓர் உடும்பைப் பிடித்து வளர்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள்! 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இகுவானா வைத்திருப்போரும், 2022-இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

ஆனால் ஓணானைப் பிடிக்காமலேயே கவனிக்கலாம். காலை 7 மணிக்கும் நண்பகலிலும் மாலையிலும் வேலியோரம் சென்று பாருங்கள். அது வெயிலில் இருக்கிறதா, நிழலில் இருக்கிறதா? சூரியனுக்குத் தன் விலாவைக் காட்டுகிறதா, முகத்தைக் காட்டுகிறதா? ஒரு வாரம் குறிப்பெடுங்கள். கூண்டில் எங்கே வெயில் வேண்டும், எங்கே நிழல் வேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஓணானே விடை சொல்லும்.