மீனைப் பரிமாறச் சொன்ன துப்பறிவாளன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'தி தின் மேன்' படத்தில் காமெடி ட்ராக்கை வெட்டிவிட்டால் நல்ல துப்பறியும் படம் ஒன்று மிஞ்சும் என்று எழுதியிருக்கிறாய். நகைச்சுவை நடிகருக்கென்று தனியாக எழுதி, தனியாக எடுத்து, கதைக்கு நடுவே செருகும் வழக்கம் நம் படங்களில் இருந்தது. அந்தப் பழக்கத்தோடு 1934-இல் வந்த ஹாலிவுட் படத்தைப் பார்க்காதே. இந்தப் படத்தில் சிரிப்பை எடுத்தால் துப்பறிதலும் கூடவே போய்விடும்.

கடைசி விருந்துக் காட்சியை மறுபடி போட்டுப் பார். சந்தேகத்துக்கு ஆளான அத்தனை பேரையும் துப்பறிவாளன் நிக் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைக்கிறான். பரிமாறுகிறவர்கள் வெயிட்டர் உடையணிந்த போலீஸ்காரர்கள். கொலை செய்தவர் இந்த மேசையில்தான் இருக்கிறார் என்று அறிவித்த கையோடு, மீனைப் பரிமாறலாம் என்கிறான். இங்கே எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பில் ஒரு சின்னப் பேச்சைத் தவறவிட்டிருப்பாய் என்பது என் சந்தேகம். நிக் உறுதியான குரலில் ஒன்றைச் சொன்னதும், மனைவி நோரா அவனிடம் தாழ்ந்த குரலில் அது உண்மையா என்று கேட்கிறாள். தெரியாது என்கிறான். பின் எதற்குச் சொல்கிறாய் என்கிறாள். அப்படி இருந்தால்தான் கணக்கு நேராகிறது என்பது அவன் பதில்.

தம்பி, அந்தப் படத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. துப்பறிகிறவனுக்கே விடை தெரியாது. கையில் இருப்பது ஓர் ஊகம். அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு யார் பதறுகிறார்கள் என்று காத்திருக்கிறான். ஷெர்லாக் ஹோம்ஸ் இப்படி ஒப்புக்கொண்டால் அவருடைய கௌரவம் அங்கேயே சரிந்துவிடும். முகத்தை இறுக்கிக்கொண்டு ஓடும் துப்பறியும் படம் எதுவும் தன் நாயகனை இப்படிப் பேசவிடாது. நகைச்சுவைக்கு மட்டுந்தான் அந்தச் சுதந்திரம் உண்டு. உண்மையான விசாரணை எவ்வளவு தடுமாற்றமானது என்பதைச் சொல்ல அது ஒன்றே வழி என்பதை நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன்.

மூல நாவலை எழுதிய டாஷியல் ஹாமெட், பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நாற்காலியில் சாய்ந்தபடி சாம்பலைப் பார்த்து ஆளைச் சொல்வது நடக்காத காரியம் என்பது அவருக்குத் தொழில்முறையில் தெரியும். நாவலைத் தேடிப் படி. கடைசி அத்தியாயத்தில் நிக் எல்லாவற்றையும் விளக்குகிறான். நோரா விடாமல் குறுக்குக் கேள்வி கேட்கிறாள். அவளுடைய அதிருப்தியோடுதான் புத்தகமே முடிகிறது. நாவலின் நடுவில் இன்னொரு விசித்திரம் உண்டு. நரமாமிசம் தின்பது பற்றிக் கேட்கும் ஒரு பையனிடம் நிக் ஒரு பழைய குற்ற வழக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறான். ஆல்ஃபர்ட் பேக்கர் என்பவன் கொலராடோ மலைப்பனியில் உடன்வந்தவர்களைத் தின்ற வழக்கு. அந்த வரலாறு பக்கக்கணக்கில் அப்படியே வருகிறது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விமர்சகர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது மிகப் பிடித்த பகுதி. பேக்கர் சொன்ன கதை காலப்போக்கில் மாறிக்கொண்டே வந்தது. மலையில் நடந்தது என்ன என்பதில் இன்றும் தகராறு தீரவில்லை. ஹாமெட் அதைச் சும்மா சேர்க்கவில்லை என்பது என் முடிவு.

படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஃபிரான்சஸ் குட்ரிச்சும் ஆல்பர்ட் ஹாக்கெட்டும் கணவன் மனைவி. கொலைக் கதையைவிட நிக், நோராவின் பேச்சில் கவனம் வையுங்கள் என்று இயக்குநர் வான் டைக் அவர்களிடம் கேட்டுக்கொண்டார். அலட்சியத்தில் சொன்னதாக இதைப் படிக்காதே. மர்மத்தை அவிழ்க்கும் கருவியே அந்தப் பேச்சுதான். நாம் கேட்க நினைக்கும் கேள்வியை நமக்கு முன்னால் நோரா கேட்டுவிடுகிறாள். மோரெல்லி என்பவன் துப்பாக்கியோடு படுக்கையறைக்குள் வரும் காட்சியில், குண்டு படாமலிருக்க நிக் அவளைக் குத்தித் தள்ளுகிறான். மயக்கம் தெளிந்து எழுந்தவளுக்கு இருக்கும் ஒரே குறை, அவன் அந்த ஆளை மடக்கியதைப் பார்க்க முடியாமல் போனது. விசாரணையில் பங்கு வேண்டும் அவளுக்கு. நோராவாக வருபவரைப் பார்த்தால், 1932-இல் ஃபூ மான்சுவின் கொடூர மகளாக நடித்த மிர்னா லாயா இது என்று வியப்பாய். நிக்காக நடித்த வில்லியம் பவலும் அவரும் சேர்ந்து 14 படங்களில் நடித்தார்கள்.

பொருளாதார மந்தக் காலத்தில் பணக்காரத் தம்பதியைப் பார்க்கும் ஆசை, 1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய உற்சாகம் என்று இப்படத்தின் கவர்ச்சிக்குக் காரணம் அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை அன்றைய ரசிகர்களைத்தான் விளக்கும். கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் இன்று நாம் ஏன் திரும்பப் பார்க்கிறோம் என்பதை விளக்காது. இந்த வரிசையில் அடுத்து வந்த ஐந்து படங்களில் 1936-இல் வந்ததை மட்டும் பார். மற்றவற்றில் நோராவின் கேள்விகளுக்குக் கூர்மை குறைந்துவிட்டது.

'பிங்க் பேந்தர்' படங்களின் க்ளூசோவோடு நிக்கை நீ ஒப்பிட்டதையும் நான் ஏற்கமாட்டேன். அந்தப் படங்களில் தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் முட்டாளைப் பார்த்துச் சிரிக்கிறோம். க்ளூசோவாக நடித்த பீட்டர் செல்லர்ஸ் பெரிய நடிகர், மறுக்கவில்லை. தனக்குத் தெரியாது என்று தெரிந்த புத்திசாலியோடு சேர்ந்து சிரிப்பது வேறு. ஒப்பிட வேண்டுமானால் பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தோடு ஒப்பிடு. 1924-இல் வந்த மௌனப் படம், முக்கால் மணி நேரந்தான். கடிகாரத் திருட்டுப் பழி சுமந்த நாயகன் புரொஜக்டர் அறையில் தூங்கிப்போய், உலகப் புகழ்பெற்ற துப்பறிவாளனாகக் கனவு காண்கிறான். அதற்கு முன்பே அவன் காதலி நேராக அடகுக் கடைக்குப் போய், கடிகாரத்தை அடகு வைத்தது யார் என்று கடைக்காரரிடம் கேட்டு வழக்கை முடித்துவிட்டாள்.

அந்த அடகுக் கடைக் காட்சி எவ்வளவு நேரம் ஓடுகிறது, பிறகு வரும் கனவு எவ்வளவு நேரம் என்று குறித்து எனக்கு எழுது. கீட்டன் ஏன் இந்த விகிதத்தில் எடுத்தார் என்பதற்கு உன் பதிலும் வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்