தனியாக ரஹாங் வந்தவருக்கு: ஊர்ச் சாப்பாட்டைப் பழகிக்கொள்ள 14 குறிப்புகள்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, வேலைக்காகச் சிரம்பானுக்கு வந்து, ரஹாங்கில் வாடகை அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் முதல் மாதம் நினைவுக்கு வரும். லாபு பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினேன். இரவானால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேகி மீதான். ஊரும் ஒட்டவில்லை, உடம்பும் ஒட்டவில்லை. வயிறு ஓர் ஊரோடு பழகிவிட்டால் மனமும் பின்னாலேயே வந்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. அப்படிப் பழகிக்கொள்ள எனக்கு உதவிய வழிகள் இவை.

1. முதல் வாரம் மூன்று வேளையும் நடந்து பாருங்கள். காலையில் நாசி லெமாக் பொட்டலம் விற்கும் மேசை மதியம் அங்கே இருக்காது. பகலில் பூட்டிக் கிடக்கும் கடையின் முன்னால் இரவில் அடுப்பு எரியும். எந்த வேளைக்கு எங்கே என்று மனத்தில் குறித்துக்கொண்டால், பசியோடு அலைய வேண்டியதில்லை.

2. வாடிக்கையாகப் போக ஓர் ஒட்டுக்கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஒரே நேரத்துக்குப் போங்கள். “அக்கா, இன்னைக்கு எது புதுசா செஞ்சீங்க?” என்று கேட்டு வாங்குங்கள். முகம் தெரிந்துவிட்டால் மீன் தலையும் கறிப் பிரட்டலின் அடிச்சட்டி மசாலாவும் உங்களுக்கென்று ஒதுங்கும். வாடகை வீடு, பேருந்து, நல்ல கிளினிக் பற்றிய விவரங்களும் அங்கேதான் கிடைக்கும்.

3. நாசி சம்புர் கடையில் கரண்டியை எடுக்கும் முன் நான்கு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயாம் என்றால் கோழி, கம்பிங் என்றால் ஆடு, லெம்பு என்றால் மாடு. டாகிங் என்பதற்குப் பொதுவாக இறைச்சி என்று பொருள் என்றாலும், சாப்பாட்டுக் கடையில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். வந்த புதிதில் ஆட்டுக்கறி என்று நினைத்து ரெண்டாங் சட்டியில் கரண்டியை விட்டேன். கல்லாவில் இருந்த மாக்சிக் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு எழுந்தே வந்தார். “இனி லெம்பு, டேக்,” என்று என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, பக்கத்துச் சட்டியிலிருந்து கோழியை எடுத்துப் போட்டார். தெரியாத சட்டி என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், சொல்வார்கள்.

4. சைவம் சாப்பிடுகிறவர்கள் கீரை, காய் என்று நம்பி எடுத்துவிடாதீர்கள். கங்கோங் கீரையில் பிளாச்சான் இருக்கலாம். சம்பாலில் நெத்திலியும், பிரட்டிய காயில் உலர்ந்த இறாலும் இருக்கும். “அடா பிளாச்சான்? அடா ஊடாங்?” என்று கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரர்களுக்கு ஒட்டுக்கடையோ சீனர் சைவக் கடையோதான் நிம்மதி.

5. இந்த மாநிலத்தின் சொந்தக் குழம்பான மாசாக் லெமாக் சிலி ஆப்பியை விட்டுவிடாதீர்கள். சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் கைப்பக்குவம் இது. பச்சை மஞ்சள், ஊசி மிளகாய், செராய், தேங்காய்ப் பால் ஆகியவைதான் முக்கியம். கறித்தூள் கிடையாது. சொதியைப் போல இளமஞ்சளாக, சாதுவாகத் தெரியும். வாயில் வைத்த பிறகுதான் ஆப்பி என்றால் நெருப்பு என்று புரியும். முதல் தடவை பாதிக் கரண்டி ஊற்றிச் சோற்றோடு நன்றாகப் பிசைந்து சாப்பிடுங்கள். இதில் கோழி, மீன், புகையில் வாட்டிய இறைச்சி, இளம் பலாக்காய், மூங்கில் குருத்து, மரவள்ளி இலை எல்லாம் போடுவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டன் பாட்டிகளின் பசியை ஆற்றியது மரவள்ளிக் கிழங்குதான். அதே செடியின் இலையை அண்டை வீட்டார் இப்படிச் சுவையாகச் சமைக்கிறார்கள் என்று அறியும்போது, அந்தச் சட்டி அந்நியமாகத் தெரியாது.

6. அறையில் அடுப்பு இருந்தால் மாசாக் லெமாக்கை ஒருவருக்கு அளவாகச் செய்து பாருங்கள். ஊசி மிளகாய் 6, அரை விரல் நீளப் பச்சை மஞ்சள் ஆகிய இரண்டையும் இடித்துக்கொள்ளுங்கள். 200 மில்லி தேங்காய்ப் பாலில் அரைக் கிளாஸ் தண்ணீர் கலந்து, இடித்ததையும் தட்டிய செராய் ஒன்றையும் போட்டுச் சிறுதீயில் வையுங்கள். முதல் கொதி வரும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் பால் திரிந்துவிடும். கோழி 4 துண்டு, உப்பு சேர்த்து உள்ளே நன்றாக வேகும் வரை வையுங்கள். இறக்கும் முன் ஆசாம் கெப்பிங் ஒரு துண்டு, இருந்தால் மஞ்சள் இலை. மரவள்ளி இலை போடுவதென்றால் தனியாக நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பச்சை இலையில் நச்சுத்தன்மை உண்டு.

7. மிளகாய் இடித்த கை எரிந்தால் உடனே தண்ணீரில் நீட்டாதீர்கள். மிளகாயின் காரச்சத்து எண்ணெயில்தான் கரையும். சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய் எரிந்தாலும் பச்சைத் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நல்லது.

8. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைச் சிரம்பான் பெரிய சந்தைக்கு ஒதுக்குங்கள். கீழே மீன், கீரை, தேங்காய் வாங்கலாம்; மேலே சாப்பாட்டுக் கடைகள். சிரம்பான் மாட்டிறைச்சி மீ அங்கே பேர்போனது: தடித்த மீ, கெட்டியான கறுப்புக் குழம்பு, மேலே வேர்க்கடலை, எள். மாட்டிறைச்சி சேராதவர்களுக்கு அங்கே வேறு கடைகளும் உண்டு.

9. சிரம்பான் சியூ பாவ் வாங்கும்போது உள்ளே என்ன என்று கேளுங்கள். பழைய வழக்கப்படி பன்றி இறைச்சி வைப்பார்கள். கோழி வைத்ததும் கிடைக்கும். மேல் ஓடு இதழ் இதழாக உதிர்வதுதான் அதன் அழகு. ஆறிப்போனால் சிறிய அடுப்புப்பெட்டியில் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓடு தொய்ந்துவிடும்.

10. தேநீர் கேட்கும்போதே சர்க்கரையையும் சொல்லிவிடுங்கள். வெறும் தே என்றால் கெட்டிப்பாலும் சர்க்கரையுமாக வரும். தே ஓ என்றால் பால் இல்லை. குராங் மானிஸ் என்றால் இனிப்புக் குறைவு, கோசோங் என்றால் இனிப்பே இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. மூன்று வேளையும் வெளியில் குடிக்கும் தனியாளுக்குக் குராங் மானிஸ் என்ற இரண்டு சொல் பெரிய மருந்து.

11. சுவரையும் கூட்டத்தையும் பாருங்கள். உணவகங்களுக்கு வழங்கப்படும் ஏ, பி, சி தரச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். கூட்டம் வந்து சட்டி சீக்கிரம் காலியாகும் கடையில் பழையது தங்காது. தேங்காய்ப் பால் சேர்ந்த குழம்பைத் தாப்பாவ் வாங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

12. பசார் மாலாமுக்குப் பசியோடு போகாதீர்கள். தேவைக்கு மேல் வாங்கத் தோன்றும். முதலில் ஒரு சுற்று வெறும் கையோடு நடந்துவிட்டு, இரண்டாவது சுற்றில் புதிதாக ஒன்று, பழகியது ஒன்று என்று வாங்குங்கள். மீன், இறால், சோத்தோங் என்றால் தட்டில் விழும் முன்பே விலையைக் கேளுங்கள்.

13. மற்றவர் வழக்கத்துக்கு இடம் கொடுங்கள். சீனக் கடையில் வாங்கிய பன்றி இறைச்சிப் பொட்டலத்தை மலாய்க்காரர் கடை மேசையில் பிரிக்காதீர்கள். நோன்பு மாதத்தில் பகலில் மலாய்க் கடைகள் பல மூடியிருக்கும். அந்த மாதத்துக்கு மதியச் சாப்பாட்டை முன்பே திட்டமிடுங்கள். மாலையில் ரமலான் சந்தைக்குப் போனால், நோன்பு துறக்கும் நேரம் நெருங்கும் முன்பே வாங்கிவிட்டு, பட்டினி கிடந்தவர்களுக்கு வரிசையை விட்டுவிடுங்கள்.

14. சாப்பிட்டதில் பிடித்தவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: கடை, வேளை, பதார்த்தம். இது உங்களுக்காக மட்டும் இல்லை. ஒருநாள் தோட்டத்திலிருந்து அம்மா உங்களைப் பார்க்க வருவார். அறையின் சுத்தத்தைவிட, பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பதுதான் அவருக்குக் கவலை. என் அம்மா வந்தபோது அந்த நாசி சம்புர் கடைக்குத்தான் அழைத்துப் போனேன். எது கோழி, எது மாடு என்று நானே காட்டினேன். அம்மா மாசாக் லெமாக்கைச் சோற்றில் பிசைந்து, “சொதி மாதிரிதான் இருக்கு, ஆனா எரியுதுடா,” என்றபடி இன்னொரு கரண்டி கேட்டார். மாக்சிக்கிடம் அம்மாவுக்கு ஒரு தே ஓ, குராங் மானிஸ் என்று சொன்னேன். அன்று இரவு அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.