விளிம்பும் மையமும்

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் உள்ளது மெர்சிங். வரைபடத்தில் அது நிலத்தின் ஓரம். அதற்கப்பால் தென்சீனக் கடல். ஆனால், இணையத்தைப் பொருத்தவரை மெர்சிங் ஓரம் அன்று. தென்கிழக்காசியாவை அமெரிக்காவோடு இணைக்கும், ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் அங்கும் கரையேறுகிறது. மாறாக, மாநிலத்தின் நடுவே குளுவாங்கில் உள்ள ஒரு வீடு இணையத்தின் விளிம்பில் இருக்கிறது. அப்படியானால், விளிம்பு எங்கே முடிகிறது? மையம் எங்கே தொடங்குகிறது?

இணையத்தில் தகவல்கள் சிறு சிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டும் கருவியே திசைவி. வீட்டுத் திசைவிக்கு அறிவு குறைவு. வீட்டிலுள்ள கைப்பேசியையும் மடிக்கணினியையும் அது அறியும். மற்றப் பொட்டலங்களை எல்லாம் இணையச் சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடும். மையத்திலுள்ள திசைவிகளுக்கோ வழிகேட்க மேலே எவரும் இல்லை. எனவே, ஏறத்தாழ ஒரு மில்லியன் வழிகளை அவை தம் பட்டியலில் வைத்திருக்கின்றன.

குளுவாங்கில் புறப்படும் மகிழுந்து, தாமான் சாலைகளைக் கடந்து ஆயர் ஈத்தாம் டோல் சாவடியில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்குள் நுழைகிறது. இணையத்திலும் அத்தகைய சாவடிகள் உண்டு. அவை எல்லைத் திசைவிகள் எனப்படும். “இந்த முகவரிகளுக்கு என் வழியாகச் செல்லலாம்” என்று ஒரு நிறுவனத்தின் எல்லைத் திசைவி அண்டை நிறுவனத்தின் திசைவிக்கு அறிவிக்கும். 1989ஆம் ஆண்டில் உருவான இம்முறை, பெரிதும் நம்பிக்கையின் அடிப்படையில் அமைந்தது.

அந்த நம்பிக்கை 2015ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் சோதனைக்குள்ளானது. டெலிகோம் மலேசியா நிறுவனம் ஏறத்தாழ 179,000 வழிகளைத் தவறுதலாக அறிவித்தது. லெவல் 3 என்னும் அமெரிக்க நிறுவனம் அவற்றை ஏற்று, மற்றவர்களுக்கும் பரப்பியது. உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த பொட்டலங்கள் மலேசியாவை நோக்கித் திரண்டன. அவ்வளவு பெரிய நெரிசலைத் தாங்க இயலாமல் பல பொட்டலங்கள் வழியிலேயே தொலைந்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பல நாடுகளில் இணையச் சேவை மந்தமானது.

தவறு அறிவித்தவரிடம் மட்டும் இல்லை. ஆராயாமல் ஏற்றவரிடமும் இருந்தது. ஒரு வாடிக்கையாளர் எந்தெந்த வழிகளை அறிவிக்கலாம், எத்தனை வழிகளை அறிவிக்கலாம் என்னும் வரம்பை எல்லைத் திசைவியில் முன்கூட்டியே விதித்திருந்தால், அத்தவறு அங்கேயே தடுக்கப்பட்டிருக்கும்.

ஆகவே, விளிம்புக்கும் மையத்துக்கும் இடைப்பட்ட எல்லை வரைபடத்தில் காணும் கோடு அன்று. பிறர் சொல்வதைச் சரிபார்த்த பின்னரே உள்ளே விடும் பொறுப்புதான் அந்த எல்லை. அங்குக் காவல் தளர்ந்தால், விளிம்பில் நேர்ந்த ஒரு பிழை உலகத்தின் பிழையாகிவிடும்.